உப்பு விளிம்பு, சர்க்கரை விளிம்பு

நாற்பத்தாறாவது வயதில் எனக்குக் காக்டெயில் பைத்தியம் பிடித்தது. அந்த வயதில் சிலருக்கு யோகா பிடிக்கும், சிலருக்கு மாடித் தோட்டம். எனக்கு இது. கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் நடந்த கல்யாண வரவேற்பில், நீள மேசைக்குப் பின்னால் நின்ற ஒருவர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, எதையோ ஊற்றி, எதையோ குலுக்கி, ஒரே நிமிடத்தில் ஒரு கிளாஸை என்னிடம் நீட்டினார். குடித்தேன். முதலில் புளிப்பு, அப்புறம் இனிப்பு, தொண்டைக்குக் கீழே போனபின் ஒரு சுருக். அடடா, இவ்வளவுதானா விஷயம்! புளிப்பையும் உப்பையும் காரத்தையும் நாக்கால் அளந்து தினம் ரசம் வைக்கிறவளுக்கு இதென்ன பெரிய வித்தை என்று அந்த மேசைக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

மறுநாளே ஆரம்பித்தேன். குலுக்குவதற்கென்று தனிப் பாத்திரம் விற்கிறார்களாம். அதற்கெல்லாம் யார் காத்திருப்பது? திருகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று சமையலறையில் இருந்தது. அதில் எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, நன்னாரி சர்பத், வோட்கா, ஐஸ் எல்லாம் போட்டு, சோடாவையும் ஊற்றி, மூடி, இரண்டு கையாலும் குலுக்கினேன். சோடாவைக் குலுக்கக் கூடாது என்பது மூடி பறந்து விட்டத்தில் அடித்தபின்தான் தெரிந்தது. காலண்டரிலிருந்து காஸ் அடுப்பு வரை நன்னாரி. ஒரு வாரம் எறும்பு வந்துகொண்டே இருந்தது. ஆனால் டப்பாவின் அடியில் இரண்டு வாய் மிச்சம் இருந்ததே, அதன் ருசி! அந்த இரண்டு வாய்க்காக இன்னொரு மூடி பறந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அதிலிருந்து வீடே ஒரு சோதனைச்சாலை. குழிப்பணியாரச் சட்டியில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் அழகான அரை உருண்டை ஐஸ் வரும், டம்ளரில் சீக்கிரம் கரையாது என்று கண்டுபிடித்தேன். காபி வடிகட்டியில் இஞ்சிச் சக்கையை வடிகட்டினேன். மாங்காய் சீசனில் பச்சை மாங்காயைச் சுட்டுப் பிழிந்தேன். பன்னீர் சோடாவில் ஜின் சேர்த்தால் கல்யாண மண்டபத்து வாசலில் நிற்பது மாதிரி ஒரு வாசனை. அதை இரண்டே முறை செய்துவிட்டு விட்டேன். மந்தைவெளிப் பக்கம் ஒரு கடையில் கோலி சோடா இன்னும் கிடைக்கிறது. வாரா வாரம் அங்கே போய் நிற்பேன்.

"இன்னாக்கா, வாரா வாரம் பத்து சோடா வாங்கிக்கினு போறே, வூட்ல யார்க்குனா அஜீரணமா?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"ஆமாங்க, எங்க வீட்டுக்காரருக்கு" என்றேன்.

"பாவம் மன்சன். ஓமத் தண்ணி குடு, கேட்டுக்கும்" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அதற்குப்பின் என் கணவர் அந்தத் தெரு வழியாகப் போனால் கடைக்காரர் அவர் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பாராம்.

பாட்டில் வாங்குவது தனிக் கதை. பெண்பிள்ளை போய் நிற்கக்கூடிய மாதிரி ஒரு கடை, பெரிய வணிக வளாகம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. முதல் தடவை துப்பட்டாவை முக்காடாக நெற்றி வரை இழுத்து விட்டுக்கொண்டு போனேன். அங்கே என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணா நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எந்த விசேஷத்தில் சந்தித்தாலும் எங்கள் இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குத் தனி மரியாதை.

என் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போகும் களேபரத்துக்கு அவர்தான் காரணம். நான் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் டம்ளரை வாயில் வைத்துத்தான் குடிப்போம். அவரோ மூன்று தலைமுறையாக மாட வீதியை விட்டு நகராத குடும்பம். அந்த வீட்டில் பிறந்த யாருடைய உதடும் எந்தப் பாத்திரத்தின் மீதும் பட்டதில்லை. தண்ணீர், மோர், கொதிக்கிற காபி, எதுவானாலும் அண்ணாந்து ஒரு சாண் உயரத்திலிருந்து வாய்க்குள் ஊற்றிக்கொள்வார்கள். ஒரு சொட்டு சிந்தாது. வாய் வைத்துக் குடித்தால் அதற்கு 'சீப்பிக் குடிக்கிறது' என்று பெயர். கல்யாணமான புதிதில் நான் சீப்பிக் குடித்ததைப் பார்த்து என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த மனிதருக்குத்தான் நான் டம்ளர் விளிம்பில் எலுமிச்சை தடவி, உப்பும் மிளகாய்த்தூளும் ஒற்றி, முதல் தடவையாகப் பெருமையோடு நீட்டினேன். வழக்கம்போல அண்ணாந்து சாய்த்தார். விளிம்பிலிருந்த மிளகாய்த்தூள் நேராகக் கண்ணில் விழுந்தது. பானம் மட்டும் சிந்தவில்லை, அந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். "பாத்திரத்தோட வெளியில எதுக்கு உப்பு? உள்ள போடேன், கலக்கிண்டு குடிச்சுட்டுப் போறேன்" என்று குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டே கத்தினார். வாயை வைத்துக் குடிக்கிறவர்களுக்காகத்தான் அந்த விளிம்பு, உங்களை மாதிரி ஆட்களுக்கு அல்ல என்று நானும் கத்தினேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணி என்பது எங்கள் வீட்டில் வழக்கமாயிற்று. மூன்றாவது மாடி பால்கனியில் நான்கு பிரம்பு மோடா. எதிர் வீட்டு மாமி அவர்கள் பால்கனியில் துணி எடுத்தபடி நிற்பார் என்பதால் கண்ணாடி கிளாஸ் கிடையாது, எவர்சில்வர் டம்ளர்தான். பார்க்கிறவர்களுக்குக் காபி. மோடாவில் ஒன்று எனக்கு, ஒன்று கணவருக்கு, ஒன்று என் கல்லூரித் தோழனுக்கு. அவன் வீடு அடையாறு, கட்டட வரைபடம் போடுகிறவன், ஆறடி உயரம், ஆண் பெண் பேதமில்லாமல் எல்லோரையும் 'மச்சி' என்பான், எந்தப் பானமானாலும் ஒரே மடக்கில் முடித்துவிட்டு 'அடுத்தது' என்பான். நான் பார்த்துப் பார்த்துக் கலக்கியதை அவன் மாத்திரை விழுங்குவது மாதிரி விழுங்குவதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான்காவது மோடா என் சினேகிதியுடையது. மேற்கு மாம்பலத்துக்காரி, பள்ளி ஆசிரியை, வெளியூர்க் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழி. அந்த மோடா பதினோரு மாதமாகக் காலியாக இருந்தது.

அவள் குடிப்பதற்குப் பெரிய சோகக் கதை ஒன்றும் கிடையாது. அவளே அப்படித்தான் சொல்வாள். எங்களோடு சேர்ந்துதான் குடித்தாள், எங்களைப் போலத்தான் ஆரம்பித்தாள். நாங்கள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலையைப் பார்த்தோம். அவளால் கவிழ்க்க முடியவில்லை. ஒருநாள் காலையில் வகுப்பறையில் நாற்காலியோடு விழுந்தாள். வேலை போகிற நிலைக்கு வந்தது. ஒரே மகள் பேச்சை நிறுத்தினாள். அதன்பின் ஆஸ்பத்திரி, மருந்து, எல்லாம் ஆகி, சுத்தமாக விட்டாள். மகள் மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள். "ஒரு வாய் போதும்டி. ஒரு வாய் உள்ள போனா நான் நிக்க மாட்டேன். அவ்வளவுதான், மொத்தமும் போச்சு" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

அந்தப் பதினோரு மாதத்தில் நான் அவளைப் பார்க்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் குளத்தைச் சுற்றி நடப்போம், ஹோட்டலில் தோசை சாப்பிடுவோம். ஆனால் சனிக்கிழமைக்கு மட்டும் கூப்பிடவில்லை. அவளுடைய நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவள் எதிரே உட்கார்ந்திருந்தால் என் கையிலிருக்கும் டம்ளர் எனக்கே கூச்சமாக இருந்திருக்கும். என் கூச்சத்துக்காக அவளை ஒதுக்கி வைத்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு மாசி மாதத்துச் சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு, சனிக்கிழமை நான் வரேன். கூப்பிடுடி என்னை."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "வா வா! அன்னிக்கு யாரும் எதுவும் குடிக்க வேணாம். மோர் வெச்சுடறேன்" என்றேன்.

"அப்படின்னா நான் வரல. எனக்காக நீங்க எல்லாரும் நோம்பு இருக்க வேணாம். நீங்க எப்பவும் போல இருங்க. எனக்கும் ஒண்ணு குடு, அது இல்லாம. ஆனா குழந்தைங்களுக்குக் குடுக்கற மாதிரி ஆரஞ்சு ஜூஸைக் குடுத்து ஓரமா உக்கார வெச்சே, அப்படியே எழுந்து போயிடுவேன். அதே டம்ளர். அதே மாதிரி ஒண்ணு. யாரும் என்னைப் பாவமா பாக்கக் கூடாது."

போனை வைத்ததும் உற்சாகத்தில் நேராகச் சமையலறைக்குப் போனேன். இப்படி ஒரு வேலையைத்தானே நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்! வோட்கா ஊற்றினால் யார் வேண்டுமானாலும் சுருக்கென்று இருக்கும்படி செய்யலாம். ஒரு சொட்டு இல்லாமல் அந்தச் சுருக்கைக் கொண்டுவர வேண்டும். அதுவும் மற்றவர்கள் குடிப்பதிலிருந்து வித்தியாசமே தெரியாமல்.

இரண்டு வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. இஞ்சியை அதிகமாக்கினேன், கஷாயமாயிற்று. மிளகைத் தட்டிப் போட்டேன். தொண்டை எரிந்ததே தவிர, குடித்த மாதிரி இல்லை. ஊறுகாய் ஜாடியிலிருந்து எலுமிச்சை உப்புத் தண்ணீர் ஒரு கரண்டி விட்டேன். கொஞ்சம் பக்கத்தில் வந்தது. என்ன குறைகிறது, என்ன குறைகிறது என்று ராத்திரி படுக்கையில் நாக்கைச் சப்பிக்கொண்டிருந்தேன். கசப்பு! மதுவில் அடியில் ஒரு கசப்பு இருக்கிறதே, அதுதான் இல்லை. விடிந்ததும் குளத்தங்கரைப் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடி நிலவேம்புப் பொடி வாங்கிவந்தேன். காய்ச்சலுக்குக் கொடுக்கிற அதே நிலவேம்பு. கொதிக்க வைத்து, ஆறவைத்து, பன்னிரண்டு சொட்டு விட்டேன்.

கடவுளே! அதேதான்! சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன்.

கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். அண்ணாந்து, அண்ணாந்து, ஆறு தடவை குடித்தார். நான்கு தடவை தப்பாகச் சொன்னார். "ரெண்டும் ஒண்ணுதானே? என்னை ஏன் படுத்தறே?" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எதிர் வீட்டு மாமியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இரண்டும் ஒன்று போல இருந்தால் நான் எப்படி அடையாளம் வைப்பது? அதற்கும் ஒரு யுக்தி செய்தேன். வோட்கா சேர்த்த மூன்று டம்ளருக்கு மிளகாய்த்தூள் இல்லாமல் வெறும் உப்பு விளிம்பு. அவளுடைய டம்ளருக்கு மட்டும் சர்க்கரை விளிம்பு. சர்க்கரையின் பெரிய பரலைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு இரண்டும் வெள்ளையாக ஏதோ. இந்த யுக்தியை நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட. ரகசியமாக, ஒருவருக்கும் தெரியாமல், எல்லாம் கச்சிதமாக நடந்தபின் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைதான் என் காலை வாரியது.

அந்தச் சனிக்கிழமை சரியாக நான்கு மணிக்கு வந்துவிட்டாள். மெலிந்திருந்தாள், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். வாசலிலேயே கட்டிக்கொண்டேன். என் கணவர், "வாங்கோ வாங்கோ, எத்தனை நாளாச்சு நம்மாத்துக்கு வந்து" என்று அவளைப் பால்கனிக்கு அழைத்துக்கொண்டு போனார். அவள் தன் பழைய மோடாவில் போய் உட்கார்ந்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுப்பில் வாழைக்காய் பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மேடையில் நான்கு டம்ளர். எலுமிச்சைத் துண்டால் விளிம்பைத் தேய்த்தேன்; மூன்றை உப்புத் தட்டில் கவிழ்த்தேன், ஒன்றைச் சர்க்கரைத் தட்டில். ஐஸ் போட்டேன். உப்புக்கு இந்தக் கூஜாவிலிருந்து, சர்க்கரைக்கு அந்தக் கூஜாவிலிருந்து. ஊற்றும்போது நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஊற்றினேன். நான்கும் தட்டில் வரிசையாக நின்றன. பார்க்கவே ஆனந்தமாக இருந்தது.

அழைப்பு மணி அடித்தது. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு ஓடினேன். அடையாறுக்காரன். கையில் ஒரு பெரிய பை நிறைய மாங்காய், அவன் வீட்டு மரத்தில் காய்த்த பிஞ்சு. "மச்சி, இதை வெச்சு ஏதாவது பண்ணு" என்று கதவடியிலேயே பையை என் கையில் திணித்தான். பையின் காது அறுந்தது. மாங்காய் கூடம் முழுவதும் உருண்டது. சோபாவுக்கு அடியில் போனதை நான் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, அவன் நேராகப் பால்கனிக்குப் போய்விட்டான். எழுந்து சமையலறைக்குத் திரும்பினேன். மேடையில் தட்டு இல்லை.

பால்கனியில் என் கணவர் கடைசி டம்ளரைத் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்றில் இரண்டு ஏற்கனவே ஆளுக்கொன்றாகப் போயிருந்தன, ஒன்று என் மோடாவின் மேல் இருந்தது. தட்டு காலி. அவர் தோளில் ஒரு சமையலறைத் துணி கிடந்தது.

"நீ வேலையா இருந்தியா, நானே எடுத்துண்டு வந்துட்டேன். விளிம்பெல்லாம் என்னமோ ஒட்டிண்டிருந்தது. போன தடவை மாதிரி யார் கண்ணுலயாவது விழப்போறதேன்னு எல்லாத்தையும் நன்னாத் துடைச்சுட்டேன்" என்றார், மெடல் வாங்கப் போகிறவர் மாதிரி.

நான்கு டம்ளரும் பளபளவென்று இருந்தன. என் சினேகிதி தன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அது உதட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"குடிக்காதே!" என்று கத்தினேன்.

அப்படி ஒரு கத்தலை என் வாழ்நாளில் நான் போட்டதில்லை. எதிர் வீட்டு மாமி கையிலிருந்த புடவையைக் கீழே போட்டார். அடையாறுக்காரன் மோடாவிலிருந்து எழுந்தே விட்டான். என் கணவர் அண்ணாந்த வாயோடு அப்படியே நின்றார். யாரும் இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. அதுமட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. எது எதுவென்று தெரியவில்லை, துடைத்துவிட்டார், எனக்கே தெரியவில்லை என்று என்னென்னவோ உளறினேன். கணவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. "நீ இன்னிக்கு எல்லாத்தையும் அது இல்லாமதான் பண்ணியிருப்பேன்னு நினைச்சேன்" என்றார், தோளில் கிடந்த துணியை எடுத்துக் கீழே போட்டபடி.

அவள் டம்ளரை மெதுவாக மடியில் இறக்கினாள். முகத்தில் பயம் இல்லை. கோபம்தான் இருந்தது.

"இது என்னோடது இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"எப்படியா? ரெண்டு வாரம் மண்டையை உடைச்சு ஒளிச்சு வெச்சியாக்கும். உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம இருக்கலாம். எனக்குத் தெரியாதா? ரோட்டுல எதிர்ல வர ஆள் மத்தியானம் குடிச்சானா, நேத்து ராத்திரி குடிச்சானான்னு வாசனையிலயே சொல்லுவேன். அவர் தட்டை நீட்டினதுமே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் கையில வாங்கினேன்."

"தெரிஞ்சேவா?"

"கை தானா எடுத்துடுச்சு. மூக்குகிட்ட கொண்டு வந்துட்டேன். அப்புறம் கீழ வெக்கறேனா இல்லையான்னு நானே பாத்துக்கிட்டு இருந்தேன். வெச்சிருப்பேன்டி. பதினோரு மாசமா அதைத்தானே பண்றேன். நீ கத்திட்டே. இனிமே நான் வெச்சேனா, நீ வெக்கவெச்சியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அழுவதா அவள் காலில் விழுவதா என்று தெரியவில்லை. யாரும் அவளைப் பாவமாகப் பார்க்கக் கூடாது என்பதுதான் அவள் கேட்ட ஒரே விஷயம். தெருவே திரும்பிப் பார்க்கும்படி நான் அதைக் கெடுத்தேன். கணவர் மேல் எரிச்சல், விளிம்பில் ஒட்டிய என் புத்திசாலித்தனத்தின் மேல் அதைவிட எரிச்சல்.

"எல்லாத்தையும் கொட்டிடறேன். மோர் கலக்கிக் கொண்டு வரேன்" என்று கையை நீட்டினேன்.

"தொடாதே" என்றாள். பிள்ளைகளிடம் பேசுகிற குரல். "நாலு டம்ளரையும் தட்டுல வைங்க. வெச்சீங்களா? இப்ப நீங்க மூணு பேரும் உள்ள போங்க. நானே பாத்து எடுத்துக்கறேன். கூப்பிடற வரைக்கும் யாரும் எட்டிப் பாக்கக் கூடாது."

எங்கள் சமையலறையில் இரண்டு பேர் நின்றாலே முழங்கை இடிக்கும். மூன்று பேர் போய் நின்றோம், அதில் ஒருவன் ஆறடி. எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. கை சும்மா இருந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும் என்று பஜ்ஜி போட ஆரம்பித்தேன். "மச்சி, தனியா விட்டுட்டு வந்தது சரியா?" என்று அடையாறுக்காரன் கிசுகிசுத்தான். தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. அங்கே மூன்று டம்ளரில் அவளுடைய வேலையும் மகளும் இருந்தார்கள். போய் அந்தத் தட்டைக் கவிழ்த்துவிடலாம் என்று ஒரு கணம் கால் நகர்ந்தது. கணவர் கழுத்தை நீட்டி ஜன்னலைப் பார்க்கப் போனார். அவர் கையில் நறுக்கென்று கிள்ளினேன். முதல் ஈடு பஜ்ஜி கருகியது. இரண்டாவது ஈடும் கருகியது.

"வாங்க!" என்று குரல் வந்தது.

தட்டில் மூன்று டம்ளர். ஒன்று அவள் கையில். அதில் பாதி குறைந்திருந்தது. அவள் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "பஜ்ஜி எங்க? கருகின வாசனை மட்டும் வருது" என்றாள்.

நான் என் டம்ளரில் ஒரு வாய் குடித்தேன். வோட்கா. சரி, இது ஒன்று. கணவர் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, "நன்னாயிருக்கே" என்றார்; அவர் சாட்சி எதற்கும் உதவாது. அடையாறுக்காரன் வழக்கம்போல ஒரே மடக்கு. அவனிடம் கேட்டால் தெரிந்துவிடும். கேள்வி நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருகாத பஜ்ஜியாகப் பொறுக்கி அவளிடம் நீட்டினேன்.

அதன்பின் அந்தச் சாயங்காலம் எப்படிப் போனது! விடுதியில் வார்டன் கதவைத் தட்டியபோது அவள் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு தும்மியதிலிருந்து ஆரம்பித்தாள். என் கணவரைப் பாடாய்ப் படுத்தினாள். "மாமா, இனிமே உங்க கையில துணியே குடுக்கக் கூடாது. பிள்ளையாருக்கு வெச்ச சந்தனத்தையும் துடைச்சுடுவீங்க" என்றாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடையாறுக்காரனுக்கு விக்கலே வந்துவிட்டது. பதினோரு மாதமாக அந்தப் பால்கனியில் நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதெல்லாம் சிரிப்பே இல்லை.

நடுவில் காலி டம்ளரை ஆட்டி, "இன்னொண்ணு" என்றாள். எழுந்திருக்கப் போனேன். அப்புறம் உட்கார்ந்தேன். "ஃப்ரிட்ஜ்ல ரெண்டு கூஜா இருக்கு, போய் ஊத்திக்கோ" என்றேன். இப்படிச் சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் உள்ளே போனாள். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம், மூடும் சத்தம், இரண்டுக்கும் நடுவே மோடாவின் பிரம்பை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தேன். வந்து உட்கார்ந்து வார்டன் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

இருட்டத் தொடங்கியதும் அடையாறுக்காரன் கிளம்பினான். கணவர் அவனை வழியனுப்பக் கீழே போனார். நான் டம்ளர்களைச் சமையலறைத் தொட்டியில் போட்டேன். நான்கும் ஒன்று போல இருந்தாலும் அவளுடையது எதுவென்று எனக்குத் தெரியும். நானேதான் அவள் கையிலிருந்து வாங்கி வந்திருந்தேன். அடியில் இரண்டு சொட்டு மிச்சம் இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும். ஒரு நொடி வேலை. அதற்கப்புறம் நான் நிம்மதியாகத் தூங்கலாம்.

குழாயைத் திறந்து டம்ளரை நிரப்பிக் கொட்டினேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

திரும்பினால் அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"நீ மோந்து பாப்பேன்னு நினைச்சேன்" என்றாள்.

"ஆசையாத்தான் இருந்தது."

"நானா இருந்தா பாத்திருப்பேன்டி" என்றாள். சொல்லிவிட்டு என் கையிலிருந்து அந்த ஈர டம்ளரை வாங்கி, மேடையில் கவிழ்த்து வைத்தாள்.